நூற்றைம்பது குறைத்த கீரி

அருவிச் சத்தம் ஓயாத ஒரு காட்டில், விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு மடிக்கணினி வைத்திருந்தன. பெயர்தான் மடிக்கணினி. அம்மிக்கல் கனம். மடியில் வைத்தால் மடி வெந்துவிடும். பாறைக் குகை ஒன்றில் அதை வைத்து, அருவியில் சுழலும் சின்னச் சக்கரத்திலிருந்து மின்சாரம் கொடுத்தன.

மழை வந்தால் எந்த மேடு மூழ்கும், எந்த வளை தப்பும் என்று கணக்குப் போட்டு வரைபடம் தருவது அதன் வேலை. அதை இயக்குவது கீரியின் வேலை. யாரும் சொல்லித்தராமல் தானே கற்றுக்கொண்டதில் கீரிக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்றால், அதன் வால் நீளத்துக்கு.

கீரியின் கூட்டாளி அழுங்கு. உடம்பெல்லாம் செதில், முழ நீள நாக்கு. கணினியின் விசிறித் துளையில் எறும்புகள் குடியேறினால், நாக்கை விட்டு ஒரே இழுப்பில் வழித்துவிடும். வேலையும் அதுதான், சாப்பாடும் அதுதான்.

கணினிக்கு ஒரு குறை இருந்தது. பாதிக் கணக்கில் சூடேறிவிடும். சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வரைபடத்துக்கு ஆறு மணி நேரம் ஆனது.

கீரி துருவித் துருவிக் காரணத்தைக் கண்டுபிடித்தது. கணக்குப் போடும் சில்லுக்கு, செய்தவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதல் மின்னழுத்தம் வைத்திருந்தார்கள், பந்தியில் கேட்காமலே சோறு வைப்பதுபோல. அந்தக் கூடுதல்தான் சூடாக மாறியது.

கீரி அந்த மின்னழுத்தத்தில் ஐம்பது மில்லிவோல்ட் குறைத்தது. ஒரு பகல் முழுக்கக் கனமான கணக்கைக் கொடுத்து ஓடவிட்டது. சில்லு தடுமாறவில்லை. சூடும் தணிந்தது. இதற்கு மேல் மின்சாரம் இழுக்காதே என்று உள்ளே ஒரு வரம்பும் இருந்தது. அதையும் கொஞ்சம் உயர்த்தியது. ஆறு மணி நேர வேலை நான்கில் முடிந்தது!

காடே மெச்சியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மைனா வந்தது.

"கீரியண்ணே, பக்கத்து மலை நரியிடம் இதே பெட்டி இருக்கிறது, தெரியுமா? இதே கறுப்பு. நரி நூற்றைம்பது குறைத்திருக்கிறதாம்! தொட்டால் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி சில்லென்று இருக்குமாம்."

"நூற்றைம்பதா?" கீரியின் மீசை துடித்தது.

"நீங்கள் எவ்வளவு குறைத்தீர்கள்?"

"அது... அது இருக்கட்டும்."

மைனா பறந்ததும் கீரி நூற்றைம்பது வைத்தது. திரை வந்தது. அம்புக்குறி அங்குமிங்கும் ஓடியது.

"பார்த்தாயா? ஓடுகிறது!"

"கணக்குக் கொடுத்துப் பார்த்தாயா?" என்றது அழுங்கு.

"நரியின் பெட்டியில் ஓடுகிறதே!"

"ஒரு வயிற்றில் பிறந்த குட்டிகளே ஒரே மாதிரி ஓடுவதில்லை. சில்லு மட்டும் ஓடுமா?"

"நீ எறும்பைப் பார்."

கீரி அதோடும் நிற்கவில்லை. 'எப்போது எழுந்தாலும் தானாகவே இந்த அளவுக்கு வந்துவிடு' என்றும் கணினிக்குச் சொல்லி வைத்தது.

மறுநாள் காலை ஒரு தாய் முயல் ஓடிவந்தது.

"அண்ணே, மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. என் குட்டிகள் ஏழும் இன்னும் கண் திறக்கவில்லை. ஒவ்வொன்றாக வாயில் தூக்கித்தான் போகவேண்டும். இடம் மாற ஒரு தடவைதான் முடியும். புளியமேட்டுக்குப் போவதா, மூங்கில்மேட்டுக்குப் போவதா? மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள்!"

"மதியமா? அதற்கு முன்பே சொல்கிறேன். நீ இப்படி உட்கார்."

கணக்கு ஓடியது. ஐம்பது விழுக்காடு. எழுபது. தொண்ணூறு. திரை ஒருமுறை நீலமாகி, அணைந்தது.

கீரி மறுபடி எழுப்பியது. எழுந்ததும் கணினி தானாகவே நூற்றைம்பதுக்குப் போனது. அணைந்தது. மறுபடி எழுந்தது. மறுபடி அணைந்தது.

"அது ஏன் அண்ணே, தூங்கித் தூங்கி விழுகிறது?" என்றது முயல்.

"ஓய்வெடுக்கிறது."

"மூன்றாம் முறையாக" என்றது அழுங்கு.

"நரியின் பெட்டியில்..."

"அப்படியானால் மழையை நரியின் மலையிலேயே பெய்யச் சொல்லு!"

முயலின் காதுகள் மடிந்தன. அதைப் பார்த்ததும் கீரியின் வாலும் தரையைத் தொட்டது.

"தப்பு என்மேல்தான் அம்மா. இவ்வளவு குறைவை இந்தச் சில்லு தாங்கவில்லை. சோதிக்காமல் வைத்துவிட்டேன்."

கூடுதல் வேலை எதையும் தொடாமல் கணினியை எழுப்பும் வழி ஒன்று உண்டு. கீரி அந்த வழியில் எழுப்பி, தான் சொல்லி வைத்ததை அழித்தது. பழைய ஐம்பதையே வைத்தது. ஆனால் அதற்குள் மதியம் தாண்டிவிட்டது. முதலிலிருந்து கணக்குப் போட இன்னும் நான்கு மணி நேரம் வேண்டும்.

"காடு முழுக்க எதற்கு?" என்றது அழுங்கு. "முதலில் அந்த இரண்டு மேடு. மீதி பிறகு."

அரை மணியில் விடை வந்தது. புளியமேடு மூழ்கும். மூங்கில்மேடு தப்பும்.

முதல் தூறல் விழுந்துவிட்டது. ஒரு வாயால் ஏழு குட்டிகளைத் தூக்க நேரம் இல்லை.

"நானும் தூக்குகிறேன்" என்றது கீரி.

முயல் கீரியின் பல்லைப் பார்த்தது. "உங்கள் வாயிலா?"

"பயப்படாதே. காலையிலேயே சாப்பிட்டுவிட்டேன்."

முயல் மூன்று, கீரி நான்கு. கடைசிக் குட்டியை மூங்கில்மேட்டில் இறக்கும்போது, கீழே முயலின் பழைய வளைக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது.

கீரி தன் வளைக்குத் திரும்பியது. வாசலில் நின்றுவிட்டது. தன் வளை மூழ்குமா, தப்புமா? அந்தக் கணக்குதான் இன்னும் வரவில்லையே! உள்ளே போகப் பயந்து, பக்கத்து மரத்தில் ஏறி உட்கார்ந்தது. மழை கொட்டியது. கீரி தொப்பலாக நனைந்தது.

வெகுநேரம் கழித்து, தேக்கிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு அழுங்கு வந்தது.

"முழு வரைபடம் வந்துவிட்டது."

"என் வளை?"

"ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகாதாம்."

மேல் கிளையில் ஒதுங்கியிருந்த மைனா எட்டிப் பார்த்தது. "கீரியண்ணே, இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த நரி அதில் கணக்கே போடுவதில்லையாம். திறந்து வைத்து, வருகிறவர்களிடம் நூற்றைம்பது என்ற எண்ணை மட்டும் காட்டுமாம்."

கீரி ஒரு தும்மல் போட்டது.

நீதி: அடுத்தவர் சொல்லும் அளவை நம் வேலையில் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.