பின்வாங்காத பித்தளை வீரன்

கொன்றையூரைக் குமாரகேசரி மன்னர் ஆண்டபோது, அவர் சபையில் தாண்டவராயன் என்றோர் ஆலோசகர் இருந்தார். வழக்கோ, வரியோ, எல்லைத் தகராறோ, எதைக் கேட்டாலும் பளிச்சென்று பதில் சொல்லுவார். ஆனால் வீட்டுக்குப் போய்விட்டால் மனிதருக்கு ஒரே பைத்தியம்தான். உருமாறும் பொம்மைகள்.

அப்போது ஊரெங்கும் வச்சிரன் என்ற பித்தளைப் பொம்மை மோகம் பிடித்து ஆட்டியது. பார்த்தால் யானை. காதை மடக்கி, துதிக்கையை உள்ளே தள்ளி, முதுகைத் திறந்து விரித்தால் வாளேந்திய வீரன். அதைச் செய்யும் உரிமை அரண்மனைப் பட்டறைக்கு மட்டுமே. அதற்காகக் கொல்லர் தெரு சும்மா இருக்குமா? காளை வீரனாகும், முதலை வீரனாகும், ஆமைகூட வீரனாகும் என்று அரண்மனை முத்திரை இல்லாமலே செய்து விற்றார்கள். மன்னரும் கண்டும் காணாமல் இருந்தார்.

தாண்டவராயன் அத்தனையையும் வாங்கிக் குவித்தார். அலமாரி நிறைந்து, பரண் நிறைந்து, கடைசியில் அவர் மனைவி கோமளவல்லி அரிசிப் பானையைத் திறந்தால் அதற்குள்ளும் ஒரு முதலை படுத்திருந்தது. வாங்கியதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் சந்தை மண்டபத்தில் உட்கார்ந்து, புதிதாக வந்த பொம்மையை எல்லாரும் பார்க்க மாற்றிக் காட்டுவார். கீல் இறுக்கமா, கால் ஊன்றி நிற்குமா, காளையின் கொம்பு வீரனுக்கு முதுகில் குத்துமா என்று ஒன்று விடாமல் சொல்லுவார். வேண்டியவர் செய்ததென்று பூசி மெழுக மாட்டார். அதனால் ஊர் அவர் பேச்சை நம்பி வாங்கியது.

இது பட்டறைத் தலைவர் விருபாட்சருக்குப் பொறுக்கவில்லை. முத்திரை போட்ட வச்சிரன் பட்டறையில் தூசி படிந்து கிடக்க, முத்திரையில்லாத ஆமை அமோகமாக விற்றது. அவர் மன்னரிடம் போய், தாண்டவராயன் கள்ளப் பொம்மைகளைத் தூக்கிப் பிடித்து அரண்மனையின் பெயரைக் கெடுக்கிறார் என்று முறையிட்டார். கூடவே ஒரு யோசனையும் சொல்லி வைத்தார். மன்னருக்கும் அது சரியென்று பட்டது.

மறுநாள் சபையில், அண்டை நாட்டுத் தூதர் பக்கத்தில் அமர்ந்திருக்க, மன்னர் புதிய வச்சிரனைத் தாண்டவராயன் கையில் கொடுத்தார்.

"இதைப் பற்றி நீர் சபைக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பொம்மையை யார் குறை சொன்னாலும் சரி, அவர் வீட்டிலுள்ள பொம்மைகள் எல்லாம் உலைக்குப் போகும்" என்றார்.

தாண்டவராயன் கணக்குப் போட்டுப் பார்த்தார். குறை சொன்னால் ஆசை ஆசையாகச் சேர்த்த அத்தனையும் உருகிப்போகும். பொய்யாகப் புகழ்ந்தால் இனி அவர் பேச்சை மண்டபத்தில் யார் கேட்பார்கள்? விருபாட்சர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

தாண்டவராயன் பொம்மையை மெல்ல மாற்றிப் பார்த்தார். யானை வீரனானது. தலையைக் குனிய வைக்கப் பார்த்தார், அசையவில்லை. மேசைமேல் நிறுத்தினார், சாய்ந்தது. சட்டென்று பிடித்துக்கொண்டார். மறுபடி யானையாக்க முயன்றார், கீல் பிடிவாதமாக மறுத்தது. அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"அரசே, இந்த வீரன் யாருக்கும் தலைவணங்க மாட்டான்" என்று தொடங்கினார். சபை தலையாட்டியது. "களத்தில் இறங்கிவிட்டால் பின்வாங்கவே மாட்டான். கையில் எடுத்தவர் இவனைக் கீழே வைக்க மாட்டார். மொத்தத்தில் இதில் ஒரு குறை என்று சொல்ல முடியாது."

தூதர் கைதட்டினார். மன்னருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. விருபாட்சர் மட்டும் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அரசே, இவர் புகழவில்லை. குத்திக் காட்டுகிறார்."

எங்கே குத்தினார் என்று மன்னர் கேட்டார்.

"தலைவணங்க மாட்டான் என்றால் கழுத்து அசையவில்லை என்று அர்த்தம். பின்வாங்க மாட்டான் என்றால், வீரனான பிறகு திரும்ப யானையாக்க முடியவில்லை என்று அர்த்தம். கீழே வைக்க மாட்டார் என்றால், வைத்தால் விழுந்துவிடும் என்று அர்த்தம். ஒரு குறை என்று சொல்ல முடியாதாம். அதாவது ஒன்றல்ல, நிறைய இருக்கிறதாம்."

தாண்டவராயன் பணிவாகக் கைகட்டிக்கொண்டு சொன்னார்:

"அரசே, நான் வீரனைப் பற்றித்தான் பேசினேன். பொம்மையைக் குறை சொன்னது யார் என்று சபைதான் சொல்ல வேண்டும்."

மன்னர் பொம்மையை வாங்கி மேசைமேல் வைத்தார். அது தொப்பென்று விழுந்தது. அவர் சிரித்த சிரிப்பில் தூதருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஆணைப்படி பார்த்தால் விருபாட்சர் வீட்டுப் பொம்மைகளைத்தான் உலையில் போட வேண்டும் என்றார் மன்னர். பட்டறைத் தலைவர் முகம் சுண்டிப்போயிற்று.

தாண்டவராயனே குறுக்கிட்டார். எந்தப் பொம்மை உருகினாலும் தன் மனம் தாங்காது என்றும், தனக்கு ஏதாவது பரிசு தருவதானால் இந்த வச்சிரனையே தரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மன்னர் வியந்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"இவ்வளவு அழகான யானை முகம் கொல்லர் தெருவில் யாருக்கும் வராது, அரசே. கீலை மட்டும் அவர்களிடம் கொடுத்துச் செய்தால் இதை அடிக்க ஆளில்லை."

அதில் இரட்டை அர்த்தம் எதுவும் இல்லை என்பது விருபாட்சருக்கே தெரிந்தது. மன்னர் அப்படியே ஆகட்டும் என்றார். முகம் பட்டறையில், கீல் கொல்லர் தெருவில் என்று அன்றைக்கே முடிவாயிற்று. தாண்டவராயனுக்கு வச்சிரனோடு ஒரு தேக்கு அலமாரியும் கிடைத்தது.

வெளியே வரும்போது விருபாட்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வெள்ளிக்கிழமை மண்டபத்தில் என் பொம்மையைப் பற்றியும் சொல்வீரா?"

"கட்டாயம் சொல்வேன்" என்றார் தாண்டவராயன். "நீங்களும் வந்துவிடுங்கள். நிறைகளை நான் சொல்கிறேன். குறைகளை என்னைவிட நீங்கள்தான் தெளிவாகச் சொல்கிறீர்கள்."