ஆயர் இல்லத்திலிருந்து ஓர் அழைப்பு

“இனிமே என்னால முடியாது டீச்சர்” என்றார் வேதமணி.

ஷமீலா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உக்காருங்க அண்ணாச்சி.”

அவர் உட்காரவில்லை.

வேதமணி ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷமீலாவுக்கு அவருடைய மகள் வயதுதான். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை அவளுடைய அலுவலகம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், ஆதரவற்றோர் இல்லம் என்று யார் வந்தாலும், அவர்களுடைய கணினியையும் ஃபோனையும் இணையத் திருடர்களிடமிருந்து காத்துக்கொடுப்பாள். பெரிய கம்பெனிகள் கேட்கும் தொகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இவள் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் வேதமணி அவளிடம் வந்து சேர்ந்தார்.

“இன்னைக்கு யாரு?”

“சிஸ்டர் ஜெசிந்தா.”

ஷமீலா நிமிர்ந்தாள்.

அடித்துக் கொல்லும் புருஷன்களிடமிருந்து தப்பி வந்த பெண்களுக்கு விடுதி நடத்துகிறவர் சிஸ்டர் ஜெசிந்தா. விடுதி இருக்கும் இடம் வெளியே யாருக்கும் தெரியாது.

“ஆயர் இல்லத்துல இருந்து, பிஷப் ஆபீஸ்ல இருந்து பேசுதேன்னு ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க சிஸ்டர்னு கேட்டிருக்கான். சொல்லிட்டாங்க. விடுதி மெயில் மொத்தமும் அவன் கைக்குப் போயிட்டு.”

“எப்ப?”

“நேத்து சாயங்காலம். காலையில நான் போய் மெயிலை மீட்டுட்டேன். ஆனா பாத்தவன் பாத்துட்டான். செண்பகம்னு ஒரு பேரைத் தேடியிருக்கான். விடுதி விலாசமும் அதுல இருக்கு.”

இப்போது நாற்காலியில் சரிந்தார்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன். போன மாசம் பள்ளிவாசல்ல இதே கதை. அதுக்கு முன்னால மடத்துல. தலையை ஆட்டுதாங்க, பிறகு யாரோ கேட்டா எடுத்துக் குடுத்துருதாங்க. வர்றவங்களை நம்பித்தானே டீச்சர் அவங்க பிழைப்பே. அவங்களுக்குச் சந்தேகப்பட எப்படிச் சொல்லிக்குடுக்கிறது?”

ஷமீலா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“பாத்தவன் சும்மா இருக்க மாட்டான். வாங்க.”

விடுதிக்குப் பெயர்ப்பலகை இல்லை. உயரமான இரும்புக் கதவு. அதில் கையகலத் திறப்பு.

வேதமணி குரல் கொடுத்தார்.

“கொஞ்சம் முகத்தைக் காட்டுங்க சார்” என்றது உள்ளிருந்து சிஸ்டரின் குரல். காட்டிய பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.

சிஸ்டரின் கண்கள் வீங்கியிருந்தன.

“நீங்க சொன்ன உடனே செண்பகத்தை வேற ஊருக்கு அனுப்பிட்டோம் சார். இப்பதான் ஜவுளிக்கடையில வேலை கிடைச்சுது. சிரிக்க ஆரம்பிச்சிருந்தா.”

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபத்தை வேதமணி விழுங்கிக்கொண்டார்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

சிஸ்டர் போனார். திறப்பு வழியாகப் பார்த்தார். தேய்த்த சட்டையும் கையில் பழப்பையுமாக ஒருவன்.

“வணக்கம் சிஸ்டர். நான் செண்பகத்தோட வீட்டுக்காரன். அவ அம்மாவுக்கு ரொம்ப முடியலை. மகளைப் பாக்கணும்னு ஆஸ்பத்திரியில அழுதுகிட்டே கிடக்காங்க.”

குரல் தழுதழுத்தது.

வேதமணி எழுந்தார். ஷமீலா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

“சிஸ்டர் என்ன சொல்றாங்கன்னு கேளுங்க” என்றாள் மெதுவாக.

“எந்த ஆஸ்பத்திரி தம்பி? எந்த வார்டு?” என்றார் சிஸ்டர். “நானே அங்க கூப்பிட்டு விசாரிக்கிறேன்.”

“அவ இங்க இருக்காளா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இங்க யார் இருக்கா, யார் இல்லைன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்லை.”

“ஆயர் இல்லத்துல கேட்டுட்டுத்தான் சிஸ்டர் வந்திருக்கேன். அவங்களே அனுப்பினாங்க.”

“நல்லது. நானும் அவங்ககிட்ட கேட்டுக்கிறேன். உங்க நம்பரைச் சொல்லிட்டுப் போங்க.”

பழப்பை கதவில் மோதிச் சிதறியது. பிறகு உதை. பிறகு காது கூசும் வசவு. உள்ளே ஏதோ ஓர் அறையில் ஒரு குழந்தை வீறிட்டது.

சிஸ்டர் திறப்பை மூடினார். போலீசுக்கு ஃபோன் செய்தார். கதவை விட்டு நகரவில்லை.

பைக் கிளம்பிப் போகும் சத்தம் தேய்ந்த பிறகே திரும்பி வந்தார். வந்து சுவரில் சாய்ந்தார். வேதமணி தண்ணீர் கொடுத்தார்.

“என்னை மன்னிச்சிடுங்க சார்” என்றார் சிஸ்டர். “நீங்க எவ்வளவோ சொன்னீங்க. எனக்குத்தான் ஆளை எடைபோடத் தெரியலை. ஃபோன்ல அவ்வளவு மரியாதையாப் பேசினான்.”

வேதமணி ஷமீலாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவளும் களைத்திருந்தாள்.

எப்போதும் சொல்கிற அறிவுரையை வேதமணி இப்போது எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்து சிஸ்டருக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

“சிஸ்டர், இப்ப வாசல்ல வந்து நின்னானே. அவன் எப்படிப் பேசினான்? ஆனாலும் நீங்க கதவைத் திறக்கலையே?”

“மரியாதையாத்தான்…” என்று தொடங்கிய சிஸ்டர் நிறுத்தினார்.

இரும்புக் கதவின் திறப்பைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார்.