பூட்டிய வீடு

மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு தனியாக வாழ்ந்தவர் ஒச்சப்பன். மனைவி இறந்த பிறகு அவர் வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை. அவருடைய நிலத்தைக் குவாரி முதலாளி தர்மலிங்கம் விலைக்குக் கேட்டார், ஒச்சப்பன் தரவில்லை. சில நாட்களில் அவர்மேல் வழக்கு வந்தது. தன்னைக் கடத்திக்கொண்டு போய், வீட்டில் அடைத்துவைத்து, பணம் கேட்டு மிரட்டியதாக முதலாளி புகார் கொடுத்திருந்தார்.

முதலாளிக்குப் பயந்து எந்த வக்கீலும் ஒச்சப்பனுக்காக வரவில்லை. அவருக்கு வேண்டியவர் என்று கோர்ட்டில் ஒருவர்கூட இல்லை. கூண்டில் நின்று அவரே முதலாளியிடம் கேள்வி கேட்டார்.

“மொதலாளி, என் வீட்டுல உங்கள எப்படி அடைச்சேன்?”

“உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டே!”

“ஓங்கி ஒரு உதை விட்டிருந்தா ஒடஞ்சிருக்குமே?”

“விடிய விடிய உதைச்சேன். தேக்குக் கதவு, அசையவே இல்லை.”

ஒச்சப்பன் நீதிபதியைக் கும்பிட்டார். “அய்யா, என்னைப் பிடிக்க வந்த இன்ஸ்பெக்டர் இங்கதான் நிக்கிறாரு. என் வீட்டுக் கதவைப் பத்தி அவருகிட்டயே கேளுங்க.”

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். “அந்த வீட்டுக்குக் கதவே கிடையாதுங்க அய்யா. வாசல்ல ஒரு சாக்குதான் தொங்குச்சு.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி ஒச்சப்பனை விடுதலை செய்தார். பொய்ப் புகார் கொடுத்த முதலாளிமேல் வழக்குப் போடச் சொன்னார். பிறகு ஒச்சப்பனைப் பார்த்து, “ஏம்ப்பா, ஒரு கதவு போட்டுக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

“போடலாங்கய்யா,” என்றார் ஒச்சப்பன். “வந்து தட்டத்தான் ஆளில்லை.”