டத்தோ கேட்ட ருசி

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சீனர் தேயிலைக் கடை வைத்திருந்தார். வட்டமாக அழுத்தி, காகிதத்தில் சுற்றி, வருஷக்கணக்கில் வைத்துப் பழசாக்கும் பூஏர் தேயிலைக்குப் பேர்போன கடை. அங்கே வேலை பார்த்தவள் பவளக்கொடி.

ஒருநாள், அரசு கொடுத்த ‘டத்தோ’ பட்டத்தாலேயே ஊரார் அழைக்கும் கஜேந்திரன் நண்பர்கள் புடைசூழ வந்தார். பழைய தேயிலை சேர்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் நினைப்பு. கடையிலேயே பழைய, நாற்பது வருஷத்துத் தேயிலை வட்டைக் கையில் எடுத்தார்.

“நாற்பது வருஷச் சரக்குன்னா ருசி காட்டு. ஆனா காகிதம் பிரியக் கூடாது, ஒரு தூள் உதிரக் கூடாது. முடியலேன்னா இது போலிக் கடைன்னு ஊர் பூரா சொல்லுவேன்.”

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. டத்தோ வாயால் அப்படி வந்துவிட்டால் அப்புறம் யாரும் கடைப் படியை மிதிக்க மாட்டார்கள்.

பவளக்கொடி பதறவில்லை. மூடி போட்ட கோப்பையில் சூடாகத் தேத்தண்ணி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“குடிங்க டத்தோ. மூடியை மட்டும் திறக்காதீங்க.”

“திறக்காம எப்படிம்மா குடிக்கிறது?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன். நீங்க ஒரு வழி சொல்லுங்க, அதே வழியில இந்த வட்டையும் ருசி காட்டிடுறேன்.”

நண்பர்கள் வெடித்துச் சிரித்தார்கள். டத்தோவின் காது சிவந்தது. மூடிய கோப்பையை ஒதுக்கிவிட்டு, “சரி, பிரி. எப்படியிருந்தாலும் நானே வாங்கிக்கிறேன்” என்றார்.

அவள் வட்டின் ஓரத்தைப் பெயர்த்துப் போட்டு, வெந்நீர் விட்டு, ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்த டத்தோ, கோப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார். அடுத்த கோப்பையைத் தன் கையாலேயே ஊற்றி, அவள் பக்கம் நகர்த்தினார்.

“உட்காரும்மா. நீயும் குடி.”