நெஞ்சு உயரத்துல பிளக் பாயிண்ட்

"தட்டை நான் தட்டி விடல மாமா. அப்பாதான் கையை இழுத்துக்கிட்டார். வாயாடின்னு சொல்லுங்க, ஏத்துக்கிறேன். மானத்தை வாங்கிட்டேன்னு சொன்னா மட்டும் விட மாட்டேன். யாரோட மானம்? அதை முதல்ல சொல்லுங்க!"

வாசல்ல நின்னுக்கிட்டு போன்ல இப்படிக் கத்திட்டிருந்தா நிரோஷா. சட்டக் கல்லூரில ரெண்டாவது வருஷம் படிக்கிற பொண்ணு. அந்தப் பக்கம் அவளோட தாய்மாமா தட்சிணாமூர்த்தி. அவர் என்ன சொன்னார்னு நமக்குக் கேக்கல. கேக்க வேணாம். நடந்ததை நான் சொல்றேன், தீர்ப்பை நீங்க சொல்லுங்க.

நிரோஷாவோட அம்மா கனகவல்லிக்கு ரெண்டு முட்டியும் போச்சு. இருக்கிறது வாடகை வீடு, ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூணு வருஷமா அவங்க தெருவைப் பாக்கிறது பால்கனிலேர்ந்துதான். கறிவேப்பிலை வேணும்னாலும் கூடையைக் கயித்துல கட்டி இறக்கணும். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. கதவைத் திறந்தா தரை இருக்கணும்.

ஐப்பசியில மாமாதான் சேதி கொண்டுவந்தார். அவர்கூட ஒரே ஆபீஸ்ல வேலை பாக்கிற குப்புராஜ், ஏரிக்கு அந்தாண்ட நீலவேணி நகர்ல வீட்டை விக்கிறாராம். கீழ ரெண்டு ரூம், மேல ஒரு ரூம். "வாங்க, இப்பவே போய்ப் பாத்துடலாம்"னு நிரோஷா செருப்பை மாட்டிட்டா. மாமா சிரிச்சார். கொட்டுற மழையில யாராவது வீடு பாப்பாங்களா, மார்கழியும் ஆகாது, தை பொறக்கட்டும்னுட்டார். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க? யாருக்கும் அது தப்பாத் தோணல.

தை பொறந்துச்சு. போனா, வீடு பளபளன்னு நிக்குது. புது பெயிண்ட் வாசனை. பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்காத வீடு ஏது? அப்பா சிவப்பிரகாசத்துக்கு வீடு பிடிச்சுப் போச்சு. வாங்கிக்கிறோம்னு அன்னைக்கே வாக்குக் குடுத்துட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுத்துத் தட்டு மாத்துறதுன்னு பேச்சு.

வெள்ளிக்கிழமை அம்மாவை நாற்காலியோட தூக்கி இறக்கி, ஆட்டோல கூட்டிட்டு வந்தாங்க. ஹால்ல உக்காந்ததும் அம்மா சொன்னாங்க, "என் கட்டிலை இந்த ஜன்னலோரம் போட்டுடுங்க. போறவங்க வர்றவங்களைப் பாத்துட்டிருப்பேன்."

குப்புராஜ் தொண்டையைச் செருமினார். "மேல ரூம் நல்லா காத்து வரும்மா. அங்க படுத்துக்கோங்களேன்."

"படி ஏற முடிஞ்சா நான் ஏன் சார் உங்க வீட்டுக்கு வர்றேன்?"

எல்லாரும் சிரிச்சாங்க. குப்புராஜ் சிரிக்கல.

மாமா உள்ள வந்தார். யார்கிட்டயோ பேசிக்கிட்டே, பாக்காமலே கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, சார்ஜரைச் சொருகினார். நிரோஷாவுக்கும் சார்ஜ் போடணும். கீழ தேடினா, பிளக் பாயிண்ட் இல்ல. சமையல் ரூம்ல ஃப்ரிட்ஜுக்கும் நெஞ்சு உயரம். படுக்கை ரூம்லயும் அதே உயரம். என்ன வீடுடா இதுன்னு சுவத்தை உத்துப் பாத்தா. பிளக்குக்குக் கீழ பச்சை புதுசு, மேல பச்சை பழசு. பொங்கலுக்குப் பாதிச் சுவத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கிறவங்க உண்டா?

பின்பக்கம் போனா. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு சுலைகா அக்கா துணி காயப்போட்டுட்டு இருந்தாங்க.

"அக்கா, இங்க வெள்ளம் வருமா?"

சுலைகா அக்கா துணியை உதறினாங்க. ரொம்ப நேரம் உதறினாங்க. "நாளைக்கு நாங்களும் இந்த வீட்டை விக்கணும் பாப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

ஹால்ல அப்பா கையில தட்டு. வெத்தலை, பாக்கு, பழம், மஞ்சள், அட்வான்ஸ் கவர். நிரோஷா நேராப் போய் சுவத்துல நெஞ்சு உயரத்துல கையை வெச்சா.

"அங்கிள், தண்ணி இதுவரைக்கும் வந்துச்சா?"

குப்புராஜ் மெதுவாச் சொன்னார். "இந்தக் கார்த்திகை இல்ல, அதுக்கு முந்தின கார்த்திகையில வந்துச்சு. எங்கம்மா படுத்த படுக்கை. ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு கட்டிலோட மாடிக்குத் தூக்கினோம். இன்னொரு தடவை என்னால முடியாதும்மா. எனக்கு வித்தவரும் தையிலதான் காட்டினார்."

அப்பா கையை இழுத்துக்கிட்டார். தட்டு மாறல. அம்மா திரும்பி வர்ற வழியெல்லாம் அழுதாங்க. நாற்காலியோட ரெண்டு மாடி ஏத்தினப்பவும் அழுதாங்க. மேல போய் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாங்க, "அடுத்த வீட்டை ஐப்பசியில பாப்போம்டி. குடை எடுத்துக்கலாம்."

அன்னைக்குச் சாயங்காலம்தான் மாமாவோட போன் வந்துச்சு. சபையில மானத்தை வாங்கிட்டாளாம் நிரோஷா.

இப்ப சொல்லுங்க. தன் அம்மாவைக் காப்பாத்த இன்னொரு அம்மாவைத் தண்ணியில விட இருந்த குப்புராஜ், தெரிஞ்சும் வாயைத் திறக்காத சுலைகா அக்கா, அப்பா குடுத்த வாக்கை நாலு பேர் முன்னாடி உடைச்ச நிரோஷா. இதுல பெரிய தப்பு யார் மேல?

மூணு பேர் மேலயும் இல்ல. குப்புராஜ் தப்பிக்கப் பாத்தார், ஆனா வாய் தவறி மாடி ரூமைக் காட்டிட்டார். சுலைகா அக்கா பொய் சொல்லல. தை வரைக்கும் காத்திருக்கச் சொன்னது யாரு? பாக்காமலே பிளக் இருக்கிற உயரம் யாருக்குத் தெரியும்? ஆபீஸ்லேர்ந்து வந்த ஆள் யாரு? நிரோஷா போனை வாய்க்கிட்ட கொண்டுபோனா. "ஞாயித்துக்கிழமை தாத்தா திதிக்கு சொந்தக்காரங்க மொத்தமும் வருவாங்க மாமா. எங்கம்மா நாற்காலியை நடுவுல போட்டு உக்கார வைக்கிறேன். உங்க கூடப்பிறந்தவங்க முகத்தைப் பாத்து, எல்லார் காதுலயும் விழுற மாதிரி பதில் சொல்லுங்க. அந்தக் கட்டிலோட இன்னொரு பக்கத்தைப் பிடிச்ச கை யாரோடது?"