பிலோமினாவின் மஞ்சள் பக்கம்

பொன்மலையில் ஒரு நூலகத்தின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நசீமா, விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் லினக்ஸுக்கு வகுப்பு நடத்தி வந்தார். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். அவரிடம் கற்க வந்தவர்களில் தலை முழுக்க நரைத்தவர் இருதயராஜ் ஒருவர்தான். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

லினக்ஸ் மேல் அவருக்கு ஆசை ஒன்றும் கிடையாது. வந்தது மனைவிக்காக.

பிலோமினா பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். மறதி நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எல்லாவற்றையும் கணினியில் எழுதி வைக்க ஆரம்பித்தாள். பழைய விண்டோஸ் கணினி, அதைவிடப் பழைய குறிப்பெழுதும் மென்பொருள். திறந்தால் மஞ்சள் நிறப் பக்கம் வரும், ஓரத்தில் சிவப்புக் கோடு. 'அடுப்பை அணைத்தாயிற்று.' 'காலை மாத்திரை போட்டாயிற்று.' 'பால்காரர் பெயர் முனியப்பன்.' மனசு கலங்கும்போதெல்லாம் அதன் முன்னால் போய் உட்காருவாள். படித்து முடிக்கையில் முகம் தெளிந்திருக்கும்.

அந்தக் கணினி ஒருநாள் புகைந்து அணைந்து போயிற்று. கணினிக் கடைக்காரர் குறிப்புகளை எப்படியோ மீட்டுக் கொடுத்தார். ஆனால் மென்பொருள் புது விண்டோஸில் ஏறவில்லை. இருதயராஜ் அதே குறிப்புகளை வேறொரு மென்பொருளில் திறந்து காட்டினார். பிலோமினா அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தாள்.

"இது என்னோடது இல்லீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுபடி கடைக்குப் போனபோது கடைக்காரர்தான் நசீமாவின் பெயரைச் சொல்லி அனுப்பினார்.

"விண்டோஸ்ல ஓடினது லினக்ஸ்ல எப்படி ஓடும், டீச்சர்?" என்று இருதயராஜ் கேட்டார்.

"நடுவுல ஒண்ணு வேணும் சார். வைன்னு பேரு."

"சர்ச்சுப் பூசையில வைக்கிற திராட்சை ரசமா?"

நசீமா சிரித்துவிட்டார். "மென்பொருள் தன்னோட பாஷையிலதான் கேக்கும். வைன் அதே பாஷையில பதில் சொல்லும். அவ்வளவுதான்."

இருதயராஜ் கொண்டுவந்திருந்த மடிக்கணினியில் லினக்ஸையும் வைனையும், அதன்மேல் அந்தப் பழைய மென்பொருளையும் ஏற்றினார். மஞ்சள் பக்கம் வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாக இருந்தன. பழைய தமிழ் எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் போட்ட பிறகு வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு திரையின் ஒரு மூலையைக் காட்டிக் கேட்டார்.

"விண்டோஸ்ல கோப்பு வைக்கிற சி டிரைவ்னு போட்டிருக்கே. லினக்ஸ்ல அது கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கிடையாது."

"அப்ப இது பொய்தானே?"

நசீமா ஒரு வரியைத் தட்டிச் சேமித்தார். மென்பொருளை மூடினார். மறுபடி திறந்தார். வரி இருந்தது.

"எழுதி வைக்க ஓர் இடம் கேட்டுச்சு சார். கிடைச்சுதா இல்லையா?"

இருதயராஜ் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பொய் அவருக்கு ஆகாது. சிக்னல் பொய் சொன்னால் ரயில் மோதும் என்பதை நினைத்தே காலம் தள்ளிய மனிதர். வீட்டிலும் அப்படித்தான். கொஞ்ச நாளாகப் பிலோமினா, "அம்மா எங்கங்க?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். அவளுடைய அம்மா காலமாகி வெகு காலம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் அவர் உள்ளதைச் சொன்னார். கேட்கும்போதெல்லாம் அவள், அப்போதுதான் சாவுச் சேதி வந்ததுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார்.

மஞ்சள் பக்கத்தைக் கண்டதும் பிலோமினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வந்துருச்சா!" என்றாள். கொஞ்ச காலம் வீடு அமைதியாக இருந்தது. அவள் எழுதினாள், படித்தாள், சாப்பிட்டாள்.

பிறகு ஒரு மாலை கேட்டாள்.

"அம்மா எங்கங்க?"

இந்த முறை இருதயராஜ் உள்ளதைச் சொல்லவில்லை. "கடைவீதிக்குப் போயிருக்காங்க, பிலோ. வந்துருவாங்க."

அவள் சிரித்தாள். அழாமல் சிரித்தாள். அவருக்கு உடம்பே லேசானதுபோல் இருந்தது. காபி போட உள்ளே போனார்.

திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"உள்ள வா பிலோ."

"இருங்க. அம்மா பையைத் தூக்கிட்டு வருவாங்க. கைமாத்தி வாங்கணும்."

காபி ஆறிப்போனது. தெருவில் வருகிற ஒவ்வொரு வயதான பெண்ணையும் அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். அம்மா வரமாட்டாள் என்று சொல்லவும் அவருக்கு நா எழவில்லை. வருவாள் என்று இன்னொரு முறை சொல்லவும் முடியவில்லை. வீட்டுக்குள் போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்க்க அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது.

தெருவிளக்கு எரிந்த பிறகுதான் அவள் உள்ளே வந்தாள். எதுவும் கேட்கவில்லை. மஞ்சள் பக்கத்தின் முன் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் யாரு எழுதினதுங்க?" என்றாள்.

அதற்கப்புறம் அவள் அந்த நாற்காலிப் பக்கம் போகவே இல்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பு கலைந்த பிறகு, இருதயராஜ் மடிக்கணினியை நசீமாவின் மேசைமேல் வைத்தார்.

"எடுத்துடுங்க டீச்சர். இனி யாருக்கு இது?"

நடந்ததைச் சொன்னார்.

"உண்மையைச் சொன்னேன், அழுதா. நீங்க காட்டின வைன் மாதிரி சொன்னேன், வாசல்ல நின்னா. மூணாவதா ஒண்ணு இருந்தா சொல்லுங்க. எனக்குத் தெரியலை. ராத்திரி கண்ணை மூடினா அந்த முதுகுதான் தெரியுது."

நசீமா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். கணினியைத் திறந்தார். மஞ்சள் பக்கத்தை ஒரு பாதியில் வைத்தார். மறுபாதியில் ஒரு கறுப்புச் சன்னலைத் திறந்தார். அதில் வரிகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன இது?"

"வைன் எழுதுறது சார். மென்பொருள் கேக்குறதுக்குப் பதில் தெரியாட்டி ஒரு வரி எழுதும்."

"இவ்வளவா?"

"மென்பொருள் ஓடுற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும்."

இருதயராஜ் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தெரியாதப்ப அதுக்கு என்ன பதில் சொல்லும்?"

"சொல்ல ஒண்ணும் இருக்காது. வெறுங்கையை நீட்டும். சில மென்பொருள் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த அடி வைக்கும். சிலது அங்கேயே விழுந்துடும்."

"விழுந்துட்டா?"

"விழுந்ததுதான் சார்."

இருதயராஜ் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் கையை எடுத்த பிறகு, நசீமா மெதுவாகக் கேட்டார்.

"அவங்க வாசல்ல நின்னப்ப, நீங்க எங்க சார் நின்னீங்க?"

"உள்ள, திரைக்குப் பின்னால" என்றார் இருதயராஜ். பிறகு தன் வெறுங்கையை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தார்; அன்று அதை அவள் பக்கம் அவர் நீட்டவே இல்லை.