கிணற்றடியில் ஒரு தட்டு சோறு

“நீங்க வாசிச்சது பொய்யிப்பா” என்று சொல்லிவிட்டு இசைவாணி போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டும் எடுக்கவில்லை.

ஆவுடையப்பன் மடத்துக் கூடத்தில் போனும் கையுமாக நின்றார். தப்பு அவர்மேல்தான். வீட்டை விட்டு மடத்துக்கு வந்ததிலிருந்து, மகளுக்குப் பிடித்த ‘பாசிக் கிணறு’ மாயக்கதையை போனிலேயே அவளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஏழு பாகம். கடைசிப் பாகத்தின் முடிவை மட்டும் மாற்றிவிட்டார். இப்போது அவள் பள்ளி நூலகத்தில் எடுத்துத் தானே படித்துவிட்டாள்.

ஏன் மாற்றினீர் என்று கேட்டால் மடத்து வழக்கம் என்பார். அங்கே சாயங்காலம் புராணம் வாசிப்பது அவர் வேலை. அன்றைய வாசிப்பு ஒரு சாவில் வந்து நின்றால் புத்தகத்தை அப்படியே மூடக் கூடாது. பின்னால் திருப்பி, கல்யாணப் படலத்தை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பிறகு சர்க்கரைப் பொங்கல்.

சமையல் பார்க்கும் பிச்சுமணியும் அந்த ஏழு பாகத்தையும் படித்திருந்தார். “முடிவுன்னா அதுதான்வே முடிவு. எல்லாரும் வீடு வந்து சேர்ந்தா அது கதையா, ஸ்கூல் டூரா?” என்றார்.

அந்த முடிவைப் படித்த அன்று குழம்பில் உப்புப் போட மறந்ததும் இதே பிச்சுமணிதான்.

ஆவுடையப்பன் நேரே குருவிடம் போனார். குரு அவரைவிட வயதில் சின்னவர். வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“சாமி, பிள்ளைங்க படிக்கிற புத்தகத்துக்கு இப்படி ஒரு முடிவு தேவையா?”

“எப்படி?”

“ஆறு பாகத்துலயும் கிணத்துக்குள்ள போன பிள்ளைங்களைப் பத்திரமா மேல கொண்டுவந்து சேர்த்துட்டான். ஏழாவதுல சின்னவன் சிட்டனை மட்டும் கிணத்துக்குள்ளயே விட்டுட்டான். எழுதினவனுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?”

“புத்தகத்தைக் கொண்டாரும். கடைசிப் பக்கத்தை வாசியும்.”

கொண்டுவந்து வாசித்தார். “சிட்டன் கயிற்றைப் பிடித்து மேலே ஏறினான். அம்மா ஓடிவந்து...”

“ஓய், அச்சுல அப்படியா இருக்கு?”

இல்லை. கண் ஒன்றைப் பார்க்க, வாய் பழகின பொய்யைச் சொல்லியிருந்தது. மறுபடி வாசித்தார்.

“‘இங்கே நன்றாக இருக்கிறது’ என்றான் சிட்டன். கயிற்றை விட்டுவிட்டான். கிணற்றடியில் அம்மா சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.”

“யாராவது அவனைப் பிடிச்சு வச்சாங்களா?”

“இல்ல சாமி.”

“கயிறு அறுந்துதா?”

“இல்ல.”

“அப்ப எழுதினவன் விட்டுட்டான்னு எப்படிச் சொன்னீர்?”

ஆவுடையப்பன் புத்தகத்தை மூடினார்.

“உம்ம கதையில சிட்டன் ஏறி வந்தானே, அப்ப உம்ம மக என்ன சொன்னா?”

“‘அப்ப நீங்களும் வந்துருவீங்கல்லப்பா’ன்னு கேட்டா.”

“நீர் என்ன சொன்னீர்?”

“வந்துருவேன்னு சொன்னேன்.”

“போவீரா?”

ஆவுடையப்பன் வாழையைப் பார்த்தார். ஈர மண் வாசனை. கூடத்தில் யாரோ தேவாரம் முணுமுணுத்தார்கள். இங்கே நன்றாகத்தான் இருந்தது.

குரு வாளியைக் கீழே வைத்தார்.

“மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பும். அவ முன்னால உக்காந்து இந்தப் பக்கத்தை உள்ளபடி வாசியும். அவ என்ன கேட்டாலும் அதுக்கும் உள்ளபடி பதில் சொல்லும். உம்ம மூஞ்சியப் பார்த்து அவ கோபப்படட்டும். அதுக்கப்புறம் இங்க வரணும்னா வாரும்.”

“சரி சாமி.”

பஸ் வந்தது. மடத்து வாசலில் ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் புராணத்தில் ராஜா செத்துப்போகிற இடம். ஆவுடையப்பன் வாசித்து முடித்தார். பின்னால் திருப்பினார். கல்யாணப் படலத்தை, வழக்கத்தைவிட நன்றாகவே, ராகம் போட்டு வாசித்தார்.